நிறுத்தும் தேதி இல்லாத மாத்திரை

பான்டோப்ரசோல், ஒமேப்ரசோல், ரேபிப்ரசோல், எசோமேப்ரசோல் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அது கேஸ் மாத்திரைதான். காய்ச்சலுக்கு எழுதும் சீட்டில் அது ஒன்று இருக்கும்; மூட்டுவலிச் சீட்டில் இருக்கும்; பல் பிடுங்கிக்கொண்டு வருகிறவர் கையிலும் இருக்கும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டைவரை எதுக்களிப்பது என்று உண்மையிலேயே இந்த மருந்து தேவைப்படுகிறவர்கள் ஒரு பக்கம். வேறெதற்கோ மருத்துவரிடம் போய், கூடவே இதையும் வாங்கிவந்து, பிறகு விடாமல் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த மருந்தைப் பற்றி நடக்கும் பேச்சு இரண்டே கேள்விகளில் நின்றுவிடுகிறது. சிறுநீரகம் கெட்டுப்போகுமா என்பது ஒன்று. இதே மருந்து வேறு கடையில் மலிவாகக் கிடைக்குமா என்பது மற்றொன்று. இரண்டும் கேட்கவேண்டியவைதான். ஆனால் மருந்தின் பயனையும் அதற்கு ஆகும் செலவையும் ஒருசேரத் தீர்மானிப்பது மூன்றாவது கேள்வி: எதற்காக, எத்தனை நாளைக்கு? அந்தக் கேள்விக்குச் சீட்டில் பதில் இல்லாததுதான் இந்த மருந்தைச் சுற்றியுள்ள மற்றக் கோளாறுகள் பலவற்றுக்கும் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பணம் வீணாகும் முதல் இடம் அதுதான். இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் புரதங்கள் இருக்கின்றன; புரோட்டான் பம்ப் என்று மருத்துவர்கள் சொல்வது அவற்றைத்தான். இந்த மாத்திரைகள் அந்தப் பம்புகளோடு ஒட்டிக்கொண்டு, பிறகு விடுபட முடியாதபடி முடக்கிவிடுகின்றன. ஆனால் அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே முடக்க முடியும். சும்மா இருப்பவை தப்பிவிடும். சாப்பாடு இறங்கும்போதுதான் அவை பெருமளவில் வேலையைத் தொடங்குகின்றன. மாத்திரையோ ரத்தத்தில் நிற்பது சில மணி நேரந்தான். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பு விழுங்கினால்தான் மருந்துக்கு வேலை கிடைக்கும். அதன் முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். இரவு விருந்து முடிந்து நெஞ்சு எரியும்போது ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வதால் அன்றைய எரிச்சல் அடங்கப்போவதில்லை. அதற்கு ஜெலுசில், டைஜீன் வகை அமில முறிவு மருந்து போதும். இன்னொன்றும் உண்டு. இந்த மருந்து இரைப்பை அமிலம் பட்டால் தானே அழிந்துவிடும் என்பதால், குடலுக்குப் போய்க் கரையும்படி மேலே ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். மாத்திரையைப் பொடித்து முதியவருக்குக் கொடுக்கும் வீட்டில் அந்தப் பூச்சு அம்மியோடு போய்விடுகிறது. சீட்டில் 1-0-0 என்று எழுதியிருக்கும். எவ்வளவு நேரம் முன்னதாக என்று சொல்ல மருத்துவருக்கும் நேரமில்லை, கடைக்காரருக்கும் நேரமில்லை. சாப்பிட்ட பிறகு விழுங்கிப் பலன் காணாதவருக்கு அடுத்த சீட்டில் அதுவே 1-0-1 ஆகிறது. நேரம் தவறியதற்கு விலையாக மாத்திரைச் செலவு இரட்டிக்கிறது.

விலையைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் நெக்சியம் கதையைத் தாண்டிப் போக முடியாது. அமிலத்தை அடக்கும் மருந்துகள் மருந்துத் தொழிலையே புரட்டிப்போட்டவை. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் வழியில் உருவான சிமெட்டிடின் 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஆண்டுக்கு நூறு கோடி டாலர் என்ற வரம்பைத் தொட்ட தொடக்கக்கால மருந்துகளில் அது ஒன்று. பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசும் கிடைத்தது. 1981-ல் வந்த ரானிட்டிடின் அதை முந்தியது. 1988-ல் ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் கொண்டுவந்த ஒமேப்ரசோல் இரண்டையும் ஓரங்கட்டியது. அமெரிக்காவில் ஒமேப்ரசோலின் காப்புரிமை 2001-ல் முடியவிருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் எசோமேப்ரசோல், நெக்சியம் என்ற பெயரில் ஊதா நிற மாத்திரையாக வந்து சேர்ந்தது. ஒமேப்ரசோல் என்பது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் கலவை. எசோமேப்ரசோல் அவற்றுள் ஒன்று மட்டும். பழைய மருந்தின் பாதியே புது மருந்தாகப் புதிய காப்புரிமையோடு விற்பனைக்கு வந்துவிட்டது. ஒப்பீட்டு ஆய்வுகளில் நாற்பது மில்லிகிராம் எசோமேப்ரசோலை இருபது மில்லிகிராம் ஒமேப்ரசோலோடு மோதவிட்டார்கள். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு வாரத்தில் உணவுக்குழாய்ப் புண் ஆறியவர்கள் முன்னதில் 94 விழுக்காடு, பின்னதில் 87 விழுக்காடு. அதே ஆய்வில் இருபதுக்கு இருபது என்று பார்த்தால் இடைவெளி மூன்று விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஏழையும் மூன்றையும் நம்பி அமெரிக்கக் காப்பீடுகள் பல ஆண்டுகள் பெருந்தொகை கட்டின.

இந்தக் கதையை மருந்துக் கம்பெனிகளின் தந்திரத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். சொல்லட்டும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் பின்பகுதி. 2003-ல் ஒமேப்ரசோலைச் சீட்டில்லாமலே விற்க அமெரிக்கா அனுமதித்தபோது, பெட்டியின் மேல் ஒரு வாசகத்தை அச்சிட வைத்தார்கள்: ஒரு முறைக்குப் பதினான்கு நாள், நான்கு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது, அதற்கு மேலும் தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரின் கையெழுத்தே இல்லாமல் கடை அலமாரியிலிருந்து எடுக்கும் பெட்டிக்கு முடிவுத் தேதி இருக்கிறது. நம் ஊரில் அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று எச்சரிக்கும் அதே வகை மருந்துக்கு எந்த முடிவும் இல்லை. காலி அட்டையைக் காட்டினால் அடுத்த அட்டை வந்துவிடும்.

இந்தியாவில் இந்த நிலை வருவதற்கு மருந்து மலிவாக இருந்ததே ஒரு காரணம் என்பது கசப்பான உண்மை. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்தது. 1972 முதல் 2005 வரை நடப்பில் இருந்த அந்த ஏற்பாட்டால், வெளிநாட்டில் புதிதாக வந்த மருந்தை வேறு செய்முறையில் இந்திய நிறுவனங்கள் தயாரிக்க முடிந்தது. ஒமேப்ரசோலும் அதன் தம்பிகளும் இப்படித்தான் எளிய மக்களின் கைக்கு எட்டின. அது பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் படிவம் கேட்டு, முன் அனுமதி கேட்டு, முதலில் மலிவானதைச் சாப்பிட்டுப் பார் என்று நிறுத்தி நோயாளியை அலைக்கழிக்கும்போது, அந்த அலைக்கழிப்பின் நடுவிலாவது இது எதற்கு என்ற கேள்வி எழுகிறது. இங்கே யாரும் தடுப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. மாத்திரை ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்செரிச்சலுக்கு வழிகாட்டு நெறிகள் சொல்லும் எட்டு வாரத்துக்கு ஐம்பத்தாறு மாத்திரை, 560 ரூபாய். நிறுத்தாமல் போனால் ஆண்டுக்கு 3,650. பத்து ஆண்டில் 36,500. இரண்டு வேளையானால் 73,000. எந்த ஒரு நாளும் பத்திருபது ரூபாய்க்கு மேல் வலிக்காததால் இந்தக் கூட்டுத்தொகையை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இதை யார் கட்டுகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. 2013-14-ல் அது 64.2 விழுக்காடாக இருந்தது என்பதால் நிலை முன்னேறியிருப்பதாகச் சொல்லலாம். ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானாலும் பெரும்பாலான தனியார் காப்பீடுகளானாலும், முதன்மையாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. தினமும் காலையில் விழுங்கும் மாத்திரை அந்தக் கணக்கில் வராது. மாதாமாதம் மளிகைச் சாமான் பட்டியலோடு சேர்ந்து வீட்டு வரவுசெலவில்தான் வரும். 2025 செப்டம்பரில் மருந்துகளின் மேல் இருந்த சரக்கு சேவை வரி பன்னிரண்டிலிருந்து ஐந்து விழுக்காடாகக் குறைந்தது, நல்ல காரியந்தான். ஆனால் தேவையில்லாமல் விழுங்கும் முந்நூறு மாத்திரைகளுக்கு முன்னால் அந்த ஏழு விழுக்காடு எம்மாத்திரம்?

விலையும் காலமும் ஒன்றாகப் பிசகும் இடம் கூட்டு மாத்திரை. நம் கடைகளில் தாராளமாக விற்பவற்றுள் அமில மருந்தோடு டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல்கள் உண்டு. டோம்பெரிடோன் குமட்டலுக்கும் வாந்திக்குமான மருந்து. அதை அமெரிக்கா ஒருபோதும் அனுமதிக்கவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அதன் பயன்பாட்டைச் சுருக்கியது: குமட்டல், வாந்திக்கு மட்டும், நாளொன்றுக்கு அதிகபட்சம் முப்பது மில்லிகிராம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடும் என்பதுதான் காரணம். நம்முடைய கேப்சூலை எடுத்துப் பின்பக்க எழுத்தைப் படித்தால் பலவற்றில் ரேபிப்ரசோல் 20 மி.கி., டோம்பெரிடோன் 30 மி.கி. என்றிருக்கும். ஐரோப்பாவில் ஒரு வாரம் வரை மட்டும் அனுமதித்த ஒரு நாள் உச்ச அளவு இங்கே ஒரே கேப்சூலில், மாதக்கணக்கில். எதுக்களிப்புக்கு அதனால் பயன் உண்டா என்றால், இரைப்பை காலியாவதில் தாமதம் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தாலன்றி இவ்வகை மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறி. பிறகு ஏன் விற்கிறது? ஒமேப்ரசோல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. ரேபிப்ரசோல் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தின் விலையை ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை உயர்த்தச் சட்டமே இடம் தருகிறது. மருந்துக்கடைக்கான லாப விகிதமும் பட்டியல் மருந்துக்குப் பதினாறு, மற்றதற்கு இருபது விழுக்காடு என்பது வழக்கம். தனி ஒமேப்ரசோலைத் தள்ளிவிற்க யாருக்கு ஆர்வம் இருக்கும்? மருத்துவர்கள் எல்லாரும் இதற்கு உடந்தை என்று சொல்வது நியாயமில்லை. பழக்கத்தில் எழுதுகிறவர்களே அதிகம் இருப்பார்கள். ஆனால் பழக்கம் உருவாவதே இப்படித்தான்.

சரி, ஒருவர் தானாகவே நிறுத்திப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே நாளில் நெஞ்சு முன்னைவிட மோசமாக எரிகிறது. "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று வீடே தீர்ப்புச் சொல்லிவிடும். இங்கேதான் 2009-ல் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வயிற்றுக் கோளாறு எதுவுமில்லாத 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு எட்டு வாரம் எசோமேப்ரசோல், பிறகு நான்கு வாரம் வெற்று மாத்திரை. மறு பாதிக்குப் பன்னிரண்டு வாரமும் வெற்று மாத்திரையே. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. கடைசி நான்கு வாரத்தில் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்ற தொல்லைகள் வந்தவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களில் 15 விழுக்காடு. மருந்து சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 விழுக்காடு. நோயே இல்லாதவர்களுக்கு மருந்தை நிறுத்தியதால் நோயின் அறிகுறி வந்திருக்கிறது. காரணம் விளங்காததல்ல. அமிலம் குறைந்ததும் உடல் அதை ஈடுகட்ட காஸ்ட்ரின் என்ற சுரப்பைக் கூட்டுகிறது. அமிலத்தைத் தூண்டும் செல்கள் பெருகுகின்றன. மாத்திரை நின்றதும் அவை எல்லாம் சேர்ந்து சில வாரங்களுக்கு அமிலத்தைப் பொழிகின்றன. பிறகு அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லி, அந்தச் சில வாரங்களுக்கு அமில முறிவு மருந்தைக் கையில் கொடுத்துவிட்டால் பலர் தாண்டிவிடுவார்கள். அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2022-ல் இம்மருந்துகளை நிறுத்துவது பற்றியே தனியாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சிறிது சிறிதாகக் குறைத்தாலும் சரி, ஒரேயடியாக நிறுத்தினாலும் சரி, திரும்ப எரியும் என்பதை நோயாளிக்குச் சொல்லிவையுங்கள் என்கிறது அது. தேவையில்லாமல் தொடங்கியவர் தேவையுள்ளவரைப்போல ஆகிவிடுவதை வேறு எப்படி விளக்குவது? ஆகவே எப்போது நிறுத்துவது என்பது மருந்தைத் தொடங்கும் நாளிலேயே பேசவேண்டிய விஷயம்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். மருந்து மலிவு, ஆபத்தும் பெரிதாக இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்பது அது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2016-ல் சிறுநீரகக் கோளாறோடும் மறதி நோயோடும் இம்மருந்தைத் தொடர்புபடுத்தி வந்த ஆய்வுகள் உலகத்தைக் கலக்கின. ஆனால் அவை மருந்து சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் பதிவேட்டில் பார்த்து ஒப்பிட்டவை. மருந்து சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே கூடுதல் நோயுள்ளவர்கள். கெடுதல் மருந்தால் வந்ததா, இருந்த நோயால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். 2019-ல் வெளியான காம்பஸ் ஆய்வு இதைச் சரியான முறையில் சோதித்தது. 17,598 பேர், பான்டோப்ரசோல் அல்லது வெற்று மாத்திரை, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோன்ற பிரிப்பு, ஏறத்தாழ மூன்று ஆண்டுக் கண்காணிப்பு. சிறுநீரகம், மறதி, எலும்பு முறிவு எதிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் 1.0-லிருந்து 1.4 விழுக்காடாகக் கூடியது. ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றும் அச்சுறுத்தல்களில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம். அச்சுறுத்தி மருந்தை நிறுத்தவைப்பது கெடுதலும்கூட.

ஆனால் மூன்றாண்டில் பெரிய ஆபத்து தெரியவில்லை என்பதும், பதினைந்தாண்டு யாரும் கேட்காமல் சாப்பிடலாம் என்பதும் ஒன்றல்ல. நம் சூழ்நிலைக்கு நேரடியாகப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டு பி12 உயிர்ச்சத்து. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். கலிபோர்னியாவில் 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இரண்டாண்டுக்கு மேல் இம்மருந்தை எடுத்தவர்களிடையே பி12 குறைபாடு 65 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. இதுவும் பதிவேட்டு ஆய்வுதான். ஆனால் இங்கே உடலியங்கியல் காரணம் தெளிவாக இருக்கிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். சைவச் சாப்பாட்டில் அது ஏற்கெனவே குறைவு. சர்க்கரை நோயுள்ள, சைவம் சாப்பிடும், பத்து ஆண்டாகக் கேஸ் மாத்திரை எடுக்கும் ஒருவர் காலில் எரிச்சலும் மரமரப்பும் என்று வரும்போது, அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு இன்னொரு நரம்பு மாத்திரையைச் சேர்ப்பது சுலபம். தைராய்டு மாத்திரையும் இரும்புச் சத்தும் உடலில் சேர்வதும் அமிலம் குறைந்தால் குறையலாம். இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரும் 2019-ல், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை இம்மருந்துகளின் பக்கவிளைவாகக் குறிப்பிடச் சொன்னார். அரிது, ஆனால் உண்டு. பலன் இருக்கும் இடத்தில் இந்தச் சிறு ஆபத்துகளை ஏற்கலாம். பலனே இல்லாத இடத்தில் எவ்வளவு சிறிய ஆபத்தும் வெறும் நட்டந்தான்.

பலன் நிச்சயமாக உள்ள இடங்களையும் அதே அழுத்தத்தோடு சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தக்கூடாதவர் நிறுத்திவிடுவார். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் கடுமையாக இருப்பதாகக் கண்டவர், பாரெட் மாற்றம் என்ற நிலையில் இருப்பவர், புண் வெடித்து ரத்தம் கசிந்த வரலாறு உள்ளவர் ஆகியோருக்கு நீண்டகால மருந்து தேவை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர்களுக்கும் இது காவல். 2010-ல் வெளியான கோஜென்ட் ஆய்வில் அப்படிப்பட்டவர்களிடம் இரைப்பை குடல் சிக்கல்கள் ஆறு மாதத்தில் 2.9 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்தன. குளோபிடோக்ரெலின் வேலையை ஒமேப்ரசோல் மட்டுப்படுத்தலாம் என்று 2009-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்ததால், அவர்களுக்குப் பெரும்பாலும் பான்டோப்ரசோலைத் தேர்வார்கள். வயதானவர் வலி மாத்திரையை நாள்பட எடுத்தாலும் இந்தப் பாதுகாப்பு வேண்டும், ஆனால் வலி மாத்திரை நிற்கும் நாளில் இதுவும் நிற்கவேண்டும். வெறும் பாராசிட்டமாலுக்கும் நாலு நாள் ஆன்டிபயாட்டிக்குக்கும் துணைக்கு அனுப்புவதற்கு என்ன நியாயம் என்பது எனக்கு விளங்கவில்லை.

முடிவுத் தேதி வைக்கவேண்டுமானால் நோய் இன்னதென்று தெரியவேண்டும். அங்கேதான் செலவின் விசித்திரம் இருக்கிறது. மாத்திரை பத்து ரூபாய். எண்டோஸ்கோப்பி தனியாரிடம் சில ஆயிரம், அதுவும் கையிலிருந்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசம், ஆனால் ஒரு நாள் கூலி போகும், வரிசை இருக்கும். அதனால் தெரியாத நோய்க்கு மலிவான மாத்திரை பதிலாகிறது. எல்லாருக்கும் எண்டோஸ்கோப்பி வேண்டும் என்பதல்ல. வழக்கமான நெஞ்செரிச்சலுக்கு எட்டு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்பதே போதும். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடை குறைவு, கறுத்த மலம், ரத்தசோகை என்று ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆனால் மேல்வயிற்று வலியும் புண்ணும் என்றால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைத் தேடவேண்டும். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதைக் கண்டறிந்து 2005-ல் நோபல் பெற்றார்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட்ட புண்ணோயாளிகளை இரண்டு வார மருந்தில் குணப்படுத்த அந்தக் கண்டுபிடிப்பு வழிவிட்டது. அந்தக் கிருமிக்கான மூச்சு, மலச் சோதனைகளுக்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். விடாமல் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, மாத்திரையே வேண்டாமாக்கும் சோதனை பொய்த்துப்போகிறது. நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தபோது அதையும் கேஸ் என்று நினைத்து ஒன்றை விழுங்கிவிட்டுப் படுப்பவரைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மாரடைப்பில் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசையில்தான் கணக்காகிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காரத்தைக் குறை, புளியைக் குறை என்ற அறிவுரை நம்மிடம் சட்டென்று வந்துவிடும். அதற்கு இருக்கும் சான்றைவிட, எடையைக் குறைப்பதற்கும், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுவதற்கும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதற்கும் வலுவான சான்று இருக்கிறது. பத்து மணிக்கு வேலை முடிந்து பதினொன்றுக்குச் சாப்பிட்டு உடனே படுப்பவரிடம் அதைச் சொல்வது எளிது, செய்வது அவர் கையில் மட்டும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு: மலிவுக் கடை மாத்திரையில் பலன் இருக்காது, அதனால்தான் பிராண்டு வாங்குகிறோம். இதில் பாதி உண்மை உண்டு. பூச்சு மட்டமாக இருந்தால் மருந்து இரைப்பையிலேயே அழிந்துவிடும் என்பதால், இந்த வகை மருந்தில் தயாரிப்புத் தரம் உண்மையிலேயே முக்கியம். பல வகை மாத்திரைகளுக்கு உடலில் சேரும் அளவைச் சோதித்துக் காட்டவேண்டும் என்று இந்தியா கட்டாயமாக்கியதே 2017-ல்தான். ஆனால் விளம்பரப் பெயரோடு விற்கும் பான்டோப்ரசோலும் காப்புரிமை முடிந்த மருந்துதான். இரண்டுக்கும் விதி ஒன்றே. பெயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சோதனைக்குப் போகிறதென்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப் புள்ளியில் வாங்கும் மருந்தை வெளி ஆய்வகங்களில் சோதித்த பிறகே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மலிவும் சோதனையும் ஒன்றாக நடக்க முடியும் என்பதற்கு அதுவே போதும். மக்கள் மருந்தகமும் 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகமும் நீண்டகாலம் மருந்து தேவைப்படுகிறவர்களுக்குப் பெரிய உதவி. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மருந்தின் மூலப்பெயரையே எழுதவேண்டும் என்று விதி கொண்டுவந்து, மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பில் அதே மாதம் நிறுத்திவைத்தது நட்டம் என்பது என் எண்ணம். ஆனால் மலிவாக்குவது மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தேவையில்லாத மாத்திரை பாதி விலையில் கிடைத்தால் நோயாளி மிச்சப்படுத்துவது பாதி; நிறுத்தினால் மிச்சமாவது முழுதும்.

புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. மருந்து விதிகள், 1945-ன் அறுபத்தைந்தாம் விதி, சீட்டில் கொடுக்கவேண்டிய மருந்தின் மொத்த அளவையும் எடுக்கும் அளவையும் குறிக்கச் சொல்கிறது. மீண்டும் தரலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலன்றி, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து தரக்கூடாது என்றும் சொல்கிறது. பிரிட்டனில் நீண்டகாலம் இம்மருந்து எடுப்பவர்களை ஆண்டுக்கொரு முறையாவது மறுபடி பார்க்கச் சொல்லும் வழிகாட்டு நெறி 2014-லிருந்து இருக்கிறது. இங்கே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வரும் ஊழியர், மற்ற மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பார்த்து, இது எதற்கு, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்று நோட்டில் குறித்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சேர்க்க முடியும். மருத்துவர் பக்கத்தில் செய்யவேண்டியது இன்னும் குறைவு: 1-0-0 என்று எழுதி முடித்த பிறகு, சாப்பாட்டுக்கு அரை மணி முன் என்றும், மொத்தம் 56 என்றும் பக்கத்தில் எழுதுவது. ஐம்பத்தேழாவது மாத்திரை கேட்டு வருகிறவரைக் கடைக்காரர் அப்போது மருத்துவரிடம் திருப்பி அனுப்பலாம். அனுப்பச் சட்டம் அவர் பக்கம் நிற்கும்.